இத்தாலிய இலக்கியத்தின் 800 வருடம்: எங்கே தொட்டு எப்படி வாசிப்பது

இத்தாலிய இலக்கியம் வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் தாந்தேயின் டிவைன் காமெடி காவியத்தைத்தான் முதலில் வாங்குகிறார்கள். காட்டுக்குள் வழி தவறி நிற்கும் மனிதனைப் பார்க்கிறார்கள், நரகத்தின் வாசலைத் தாண்டுகிறார்கள், பத்தாவது பாட்டு வருவதற்குள் ஃப்ளோரன்ஸ் நகரத்துக் கட்சிச் சண்டையும் பக்கத்துக்குப் பாதி அடிக்குறிப்பும் சேர்ந்து மூச்சு முட்ட வைக்க, புத்தகம் அலமாரிக்குப் போய்விடுகிறது. நானும் இரண்டு முறை அங்கேதான் நிறுத்தினேன். மூன்றாவது முறை வேறு வாசல் வழியாகப் போனேன். அந்த வாசலைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அங்கே நின்று பார்த்தால் எண்ணூறு வருடமும் ஒரே கயிற்றில் கோத்த மாதிரி தெரிகிறது.

முதல் வாரம்

பிரீமோ லேவி துரின் நகரத்து வேதியியலாளர், யூதர். 1944-இல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டு உயிரோடு திரும்பியவர். 'இவனும் மனிதன்தானா' என்ற பொருளில் தலைப்பு வைத்து அவர் எழுதிய நூல் 1947-இல் ஒரு சிறிய பதிப்பகத்திலிருந்து 2,500 பிரதிகள் மட்டும் அச்சாகி வந்தது. அதில் 'யுலிஸஸின் காண்டோ' என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. காண்டோ என்றால் பாட்டு, நம் காப்பியங்களில் படலம் இருக்கிற இடத்தில் அங்கே காண்டோ.

அந்த அத்தியாயத்தில் லேவியும் ஜான் என்கிற அல்சேஸ் பகுதி இளைஞரும் முகாமுக்கு மதிய சூப் எடுத்துவரப் போகிறார்கள். போகிற வழி ஒரு கிலோமீட்டர், திரும்பும்போது 50 கிலோ அண்டாவைக் கழிகளில் கோத்துத் தூக்கி வரவேண்டும். ஜான் தனக்கு இத்தாலியன் கற்றுக்கொள்ள ஆசை என்கிறார். உடனே லேவிக்கு, ஏனென்று அவருக்கே புரியாமல், பள்ளியில் மனப்பாடம் செய்த தாந்தே நினைவுக்கு வருகிறது, நரகப் பகுதியின் 26-ஆவது காண்டோ. பாதி வரிகள் மறந்துபோயிருக்கின்றன. நடுவில் விட்டுப்போன வரிகளை முடிவோடு இணைக்க முடிந்தால் இன்றைய சூப்பையே கொடுத்துவிடுவேன் என்கிறார். பசியால் உடம்பு உருகிக்கொண்டிருக்கும் மனிதர் சொல்கிற வார்த்தை அது.

முதலில் இந்த அத்தியாயத்தை வாசியுங்கள். அப்புறம் தாந்தேயின் 26-ஆவது காண்டோவை எடுங்கள், மொத்தம் 142 வரிதான். அதில் கிரேக்கக் காவிய வீரன் யுலிஸஸ் ஒரு தீநாக்குக்குள் இருந்து பேசுகிறான். வயதாகிப்போன தன் தோழர்களைக் கூட்டிக்கொண்டு, மனிதர் தாண்டக்கூடாது என்று ஹெர்குலிஸ் நட்டுவைத்த எல்லையைக் கடந்து கடலில் போகிறான். நீங்கள் எந்த வித்திலிருந்து முளைத்தவர்கள் என்று எண்ணிப் பாருங்கள், விலங்குகள்போல் வாழ்வதற்கா உங்களைப் படைத்தது, நல்லதையும் அறிவையும் தேடிப் போவதற்கல்லவா என்று அவர்களிடம் கேட்கிறான். 1300களின் தொடக்கத்தில் எழுதிய மூன்று வரி. இதை வாசித்துவிட்டு லேவியின் அத்தியாயத்துக்கு மறுபடி போங்கள். இரண்டு மாலைப் பொழுது போதும். இதற்குப் பிறகு தாந்தே உங்களுக்குப் பாடப்புத்தகப் பெயராக இருக்கமாட்டார்.

கையோடு வைத்துக்கொள்ள ஒரு கேள்வி

ஒவ்வொரு நூற்றாண்டுக்குள் நுழையும்போதும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இவர் எந்த மொழியில் எழுதுகிறார், அந்த மொழியை வீட்டில் பேசினாரா?

விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் இத்தாலி என்கிற நாடு 1861-இல்தான் உருவானது, அந்த நாட்டின் இலக்கியமோ 1200களிலேயே தொடங்கிவிட்டது. இடையில் இருந்தவை வெனிஸ், ஃப்ளோரன்ஸ், மிலான், நேப்பிள்ஸ், சிசிலி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பேச்சு. நாடு ஒன்றானபோது மக்களில் இத்தாலியன் பேசத் தெரிந்தவர்கள் 2.5 சதவீதம் என்று ஒரு மொழியியலாளர் கணக்கிட்டார், இல்லை 10 சதவீதம்வரை இருக்கும் என்று இன்னொருவர் மறுத்தார். எதை எடுத்துக்கொண்டாலும் பத்தில் ஒன்பது பேருக்கு அது புத்தக மொழி. எழுத்தாளர்கள்தான் அந்த மொழியை உருவாக்கி, நாடு வரும்வரை காப்பாற்றி வைத்திருந்தார்கள். எழுத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்று பழகிய தமிழ் வாசகருக்கு இந்தத் தவிப்பை அதிகம் விளக்க வேண்டியதில்லை, இது நமக்கு நல்ல வசதி.

இன்னொரு சின்ன விஷயத்தையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் எல்லாப் புத்தகத்திலும் தடுக்கும். இத்தாலியர்கள் நூற்றாண்டுகளை வேறு மாதிரி எண்ணுகிறார்கள். த்ரேச்சென்தோ என்றால் நேர்ப்பொருள் முந்நூறு, குறிப்பது 1300கள், அதாவது நம் கணக்கில் 14-ஆம் நூற்றாண்டு. க்வாத்ரோச்சென்தோ 1400கள், சிங்க்வேச்சென்தோ 1500கள், இப்படியே நோவேச்சென்தோ 1900கள் வரை.

தொடக்கம்: ஒரே மாலையில் முடித்துவிடலாம்

லத்தீனிலிருந்து பேச்சுமொழி பிரிந்து எழுத்தில் வந்ததற்கு முதல் சாட்சியாகக் காட்டப்படுவது கவிதை கிடையாது, ஒரு நிலத் தகராறு. 960-இல் கப்புவா நகரத்தில் ஒரு வழக்கு, சாட்சி சொன்னவர்களின் பேச்சை லத்தீன் ஆவணத்துக்கு நடுவில் அவர்கள் பேசியபடியே எழுதி வைத்தார்கள். அதற்கப்புறம் 1220களில் அசிசியின் பிரான்சிஸ் சூரியனையும் நிலவையும் சகோதரன் சகோதரி என்று அழைத்துப் பாடிய தோத்திரப் பாட்டு, அது உம்பிரியா வட்டாரப் பேச்சு.

அதே காலத்தில் சிசிலியில் இரண்டாம் ஃப்ரெடெரிக் பேரரசரின் அவையில் அதிகாரிகளே கவிஞர்களாக இருந்தார்கள். பத்திரம் எழுதும் நோட்டரி வேலை பார்த்த ஜாக்கொமோ தா லெந்தீனி என்பவர்தான் 14 வரி சானெட் வடிவத்தைக் கண்டுபிடித்தவர் என்று சொல்கிறார்கள். அவருடைய நாலைந்து பாட்டு வாசித்தால் போதும். அதே அவையில் அமைச்சராக இருந்த பியேர் தெல்லா வீஞ்ஞா என்ற கவிஞரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தாந்தேயின் நரகத்தில் அவர் ஒரு முள்மரமாக உங்களைச் சந்திப்பார்.

மார்கோ போலோவையும் இங்கேயே பார்த்துவிடலாம். 1298-இல் ஜெனோவா சிறையில் அவர் சொல்லச் சொல்ல, உடனிருந்த கைதி ருஸ்திக்கெல்லோ எழுதினார். வெனிஸ்காரர் சொல்ல, பீசாக்காரர் எழுதியது, ஆனால் எழுதிய மொழி இத்தாலியச் சாயல் ஏறிய பழைய பிரெஞ்சு! உரைநடைக் கதைக்கு அப்போது மதிப்பான மொழி அதுதான். நம் கடற்கரையை அவர் மாபார் என்கிறார், முத்துக்குளிப்பையும் காயல் துறைமுகத்தையும் விவரமாகச் சொல்கிறார். அந்த அத்தியாயங்களைத் தேடி வாசியுங்கள், பின்னால் 1900களின் எழுத்தாளர் கால்வினோவிடம் போகும்போது உதவும்.

தாந்தே: இங்கே அவசரப்படக்கூடாது

1265-இல் ஃப்ளோரன்ஸில் பிறந்தவர். நகர நிர்வாகத்தில் பெரிய பொறுப்பு வகித்தவர். கட்சி தோற்றதும் 1302-இல் நாடு கடத்தப்பட்டார், பிடிபட்டால் எரித்துக் கொல்லத் தீர்ப்பு. 1321-இல் ராவென்னாவில் இறக்கும்வரை சொந்த ஊரை மறுபடி பார்க்கவில்லை. காவியம் முழுக்க அந்த இருபது வருட அலைச்சலில் எழுதியது. நரகம், புர்கதோரியோ (ஆன்மாக்கள் தூய்மையாகும் மலை), பரதிஸோ (சொர்க்கம்) என்று மூன்று பகுதி, 34, 33, 33 என்று மொத்தம் 100 காண்டோ, 14,233 வரி. அவர் வைத்த பெயர் கொமேதியா மட்டும்தான், 'தெய்வீக' என்ற அடைமொழி அட்டைக்கு வந்தது 1555-ஆம் வருட வெனிஸ் பதிப்பில்.

எப்படி வாசிப்பது? ஒரு பக்கம் இத்தாலியனும் எதிர்ப்பக்கம் மொழிபெயர்ப்பும் உள்ள பதிப்பாக வாங்குங்கள். ஆங்கிலத்தில் ராபர்ட் ஹாலண்டரும் ஜீன் ஹாலண்டரும் செய்த பதிப்பு அப்படிப்பட்டது, குறிப்புகளும் ஏராளம். ஆனால் குறிப்புகளை முதல் வாசிப்பில் தொடாதீர்கள். ஒரு காண்டோவை முழுக்க ஒரே மூச்சில் வாசியுங்கள், புரியாத பெயர் வந்தால் வரட்டும். அப்புறம் குறிப்பு, அப்புறம் அதே காண்டோ மறுபடி. முன்பு நான் இதை மாற்றிச் செய்ததால்தான் பாதியில் நின்றது.

நரகத்தில் முதல் சுற்றுக்கு 1, 5, 10, 13, 26, 33, 34 ஆகிய ஏழு காண்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தில் பாவ்லோவும் பிரான்செஸ்காவும், காற்றில் அடித்துப் போகும் காதலர்கள். சேர்ந்து ஒரு புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தபோது காதலில் விழுந்தவர்கள். பதின்மூன்றில் அந்த முள்மரம். முப்பத்துமூன்றில் கோபுரத்தில் பிள்ளைகளோடு அடைபட்டுப் பட்டினியால் செத்த உகோலீனோ, இதை ராத்திரியில் வாசிக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஓசையைக் கட்டாயம் கேளுங்கள், இணையத்தில் ஒலிப்பதிவுகள் நிறையக் கிடைக்கின்றன. மூன்று மூன்று வரியாக ஓடும், முதல் வரியும் மூன்றாம் வரியும் ஒரே இயைபில் முடியும், நடு வரியின் இயைபை அடுத்த மூன்றின் முதல் வரி பிடித்துக்கொள்ளும். சங்கிலிபோல் காண்டோ முடியும்வரை அறுபடாது. நமக்கு அந்தாதி பழக்கம் உண்டு, இது அதுவல்ல என்றாலும் ஒன்றின் வால் அடுத்ததன் தலையாவதைக் காது சட்டென்று பிடித்துவிடும். எங்கள் வீட்டில் இத்தாலியன் ஒரு சொல்கூடத் தெரியாதவர்கள் ஐந்தாம் காண்டோவின் ஒலிப்பதிவைக் கடைசிவரை உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள்.

நரகம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடுவது பெரிய தப்பு. புர்கதோரியோவின் 2-ஆவது காண்டோவில் தாந்தேயின் இறந்துபோன பாடகர் நண்பர் கசெல்லா, தாந்தேயே எழுதிய பாட்டைக் கரையில் நின்று பாடுகிறார், புதிதாக வந்திறங்கிய ஆன்மாக்கள் எல்லாம் மலையேற மறந்து கேட்டு நிற்கின்றன. 26-ஆவதில் ஒரு புரோவென்சால் (தெற்கு பிரான்ஸின் மொழி) கவிஞர் எட்டு வரி தன் சொந்த மொழியிலேயே பேசுகிறார், தாந்தே அதை இத்தாலியனாக மாற்றவில்லை. அப்புறம் பரதிஸோவின் 17: அடுத்தவர் வீட்டு ரொட்டி எவ்வளவு உப்புக் கரிக்கும், அடுத்தவர் வீட்டுப் படி ஏறி இறங்குவது எவ்வளவு கஷ்டம் என்று நாடு கடத்தலைச் சொல்கிற இடம். டஸ்கனியின் ரொட்டியில் இன்றும் உப்புப் போடுவதில்லை, அது தெரிந்தால் வரி இன்னும் ஆழமாக இறங்கும்.

பரதிஸோவின் 19-ஆவது காண்டோவை நாம் தனியாகவே வாசிக்கவேண்டும். சிந்து நதிக்கரையில் ஒருவன் பிறக்கிறான், அங்கே கிறிஸ்துவைப் பற்றிச் சொல்ல ஆளில்லை, எழுதவும் ஆளில்லை, அவன் நினைப்பும் செயலும் நல்லவை, ஞானஸ்நானம் இல்லாமல் சாகிறான், அவனைத் தண்டிப்பது என்ன நியாயம்? தன் மனதில் வெகு காலமாக இருந்த கேள்வி என்று இதை சொர்க்கத்திலேயே எழுப்ப வைக்கிறார் தாந்தே. கிடைக்கிற பதில் திருப்தி தருகிறதா என்பதை நீங்களே பாருங்கள், எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்ட துணிச்சல்தான் பெரிதாகப் படுகிறது.

பெட்ரார்க்கும் பொக்காச்சியோவும்

பெட்ரார்க்குக்கு ஒரு வாரம் ஒதுக்கினால் போதும். 1304-இல் பிறந்தவர், தன் லத்தீன் எழுத்துதான் நிலைக்கும் என்று நம்பியவர். 1341-இல் ரோமில் கவிஞர் முடி சூட்டியதும் பெரும்பாலும் லத்தீனுக்காகத்தான். காலம் எடுத்து வைத்துக்கொண்டதோ அவர் சில்லறை எழுத்து என்று சொல்லிக்கொண்டே வாழ்நாள் முழுக்கத் திருத்திய 366 இத்தாலியப் பாடல்களை. 1327 ஏப்ரல் 6-இல் அவிஞ்ஞோன் நகரத் தேவாலயத்தில் லௌராவைப் பார்த்ததாகச் சொல்கிறார், 1348-இல் அதே ஏப்ரல் 6-இல் அவள் இறந்தாள் என்றும் எழுதுகிறார். 1, 3, 35, 90, 126, 272 ஆகியவற்றை வாசியுங்கள். ஒரு பாட்டை ஒரு நாள் வைத்திருந்து நாலைந்து தடவை சொல்லிப் பார்க்கவேண்டும். வரிசையாக விழுங்கினால் எல்லாம் ஒரே பாட்டு மாதிரி ஆகிவிடும்.

பொக்காச்சியோவின் 'தெக்காமெரோன்' கதைகளிடம் வந்தால் மூச்சு விட இடம் கிடைக்கும். 1348-இல் பிளேக் ஃப்ளோரன்ஸைத் தின்றுகொண்டிருந்தபோது ஏழு பெண்களும் மூன்று ஆண்களும் ஊருக்கு வெளியே போய், பத்து நாள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், நூறு கதை. பலர் முன்னுரையைத் தாண்டிக் கதைக்குப் போய்விடுகிறார்கள், அப்படிச் செய்யாதீர்கள். கணவன் மனைவியையும் பெற்றோர் பிள்ளைகளையும் விட்டு ஓடுவது, பிணங்களை வாசலில் வைத்துவிட்டுப் போவது எல்லாம் அங்கேதான் இருக்கிறது, நம் கொரோனா காலத்தை நினைக்காமல் அந்தப் பக்கங்களைத் தாண்ட முடியாது.

கதைகளில் முதல் நாள் 1 (சாகும்போது பொய் சொல்லியே புனிதராகிவிடுகிற அயோக்கியன்), முதல் நாள் 3 (மூன்று மோதிரம், மூன்று மதம்), இரண்டாம் நாள் 5 (குதிரை வாங்க நேப்பிள்ஸுக்கு வரும் இளைஞன்), நான்காம் நாள் 5 (துளசிக்கு உறவான பேஸில் செடி வளர்ந்த தொட்டிக்குள் காதலன் தலை), ஐந்தாம் நாள் 9 (பருந்து), பத்தாம் நாள் 10 (கிரிசெல்டா). அந்தக் கடைசிக் கதை பெட்ரார்க்குக்கு அவ்வளவு பிடித்துப்போய், நண்பர் இத்தாலியனில் எழுதியதை அவர் லத்தீனில் பெயர்த்தார், அதனால்தான் அது ஐரோப்பா முழுக்கப் போனது. நம் கேள்விக்கு இங்கேயும் ஒரு பதில் கிடைத்துவிட்டது பாருங்கள்.

1500கள்: ஒரு சட்டம், ஒரு நிலாப் பயணம், ஒரு கடிதம்

1525-இல் வெனிஸ்காரரான பியெத்ரோ பெம்போ ஒரு நூல் எழுதி, இனிமேல் கவிதைக்குப் பெட்ரார்க், உரைநடைக்குப் பொக்காச்சியோ, இவர்கள் எழுதியதே சரியான மொழி என்றார். இருநூறு வருடம் பழைய டஸ்கன், அதுவும் அந்த ஊர்க்காரரே இல்லாத ஒருவர் சொல்கிறார், எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். 1583-இல் ஃப்ளோரன்ஸில் தொடங்கிய க்ரூஸ்கா அகாதெமி 1612-இல் பெரிய அகராதியைக் கொண்டுவந்து அந்தச் சட்டத்துக்குப் பூட்டும் போட்டது. க்ரூஸ்கா என்றால் தவிடு, மாவைச் சலித்துத் தவிட்டைத் தள்ளுவதுபோல் சொற்களைச் சலிக்கிறோம் என்று பொருள். இலக்கிய மொழி ஒரு பக்கம் அழகாக உறைந்து நின்றுவிட்டது, பேச்சு தன் வழியில் போனது. அடுத்த முந்நூறு வருடச் சிக்கல் எல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

அரியோஸ்தோவின் 'ஓர்லாந்தோ ஃப்யூரியோஸோ' காவியம் 1516-இல் வந்தது, பெம்போ சொன்னபடி மொழியைத் திருத்தி 46 காண்டோவாக 1532-இல் மறுபடி வந்தது. முழுக்க வாசிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கால்வினோ 1970-இல் இதை உரைநடையில் நடுநடுவே மூலப் பாடல்களோடு சொல்லியிருக்கிறார், இத்தாலியன் வாசிக்க வந்ததும் அதுவே நல்ல கைவிளக்கு. இப்போதைக்கு 34-ஆவது காண்டோவுக்கு நேராகப் போங்கள். காதலில் புத்தி பேதலித்த ஓர்லாந்தோவின் புத்தியைத் தேடி அஸ்தோல்ஃபோ நிலாவுக்குப் போகிறான். பூமியில் தொலைந்ததெல்லாம் அங்கே குவிந்து கிடக்கிறது, ஓர்லாந்தோவின் புத்தி ஒரு குப்பியில் மூடி வைத்திருக்கிறது. தாஸ்ஸோ இதற்கு நேரெதிர், இருண்டவர், ஃபெர்ராராவில் ஏழு வருடம் மருத்துவமனையில் அடைத்து வைக்கப்பட்டவர், அவருடைய ஜெருசலேம் காவியம் 1581-இல் வெளிவந்தபோதும் உள்ளேதான் இருந்தார்.

மாக்கியவெல்லியின் 'இளவரசன்' நூலை எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்னால் 1513 டிசம்பர் 10-இல் அவர் நண்பர் வெத்தோரிக்கு எழுதிய கடிதத்தை வாசியுங்கள். பதவி போய், சித்திரவதையும் பட்டு, கிராமத்தில் இருக்கிறார். பகலில் காட்டில் மரம் வெட்டுவதைப் பார்க்கிறார், சத்திரத்தில் சீட்டாடிச் சண்டை போடுகிறார். சாயங்காலம் சேறு படிந்த உடுப்பைக் கழற்றிவிட்டு அரசவைக்குப் போகும் உடுப்பைப் போட்டுக்கொண்டு பழைய நூலாசிரியர்களோடு நாலு மணி நேரம் பேசுகிறார், அவர்களும் பதில் சொல்கிறார்கள். வாசிப்பு பற்றி இதைவிட நான் விரும்பும் பக்கம் வேறில்லை.

1600கள், 1700கள்

இங்கே வேகமாகப் போகலாம். மரீனோவின் நாற்பதாயிரம் வரி 'அதோனே' காவியத்தை விட்டுவிடுங்கள், கலிலியோவின் 1632 உரையாடலில் முதல் நாள் பகுதியை வாசியுங்கள். பண்டிதர்களுக்கு லத்தீன் போதும், அவர் வேண்டுமென்றே இத்தாலியனில் எழுதினார். நேப்பிள்ஸ் மொழியில் ஜம்பத்திஸ்தா பஸீலே எழுதிய 50 கதைகள் 1634 முதல் 1636 வரை வந்தன, சிண்ட்ரெல்லாவும் ரபுன்ஸலும் ஐரோப்பிய அச்சில் மிகப் பழைய வடிவங்களில் இருப்பது அங்கேதான். கோல்தோனி 1750-51 பருவத்தில் மட்டும் 16 நகைச்சுவை நாடகம் எழுதிய வெனிஸ்காரர். முகமூடி போட்டு மேடையில் வாய்க்கு வந்ததைப் பேசிய நடிகர்கள் கையில் எழுதிய வசனத்தைக் கொடுத்தார். 'லா லொகாந்தியெரா' என்ற 1753 நாடகத்தில் விடுதி நடத்தும் மிராந்தொலினாவைச் சந்தியுங்கள், ஒரே உட்காரலில் முடிந்துவிடும்.

இதே காலத்து இத்தாலியர் ஒருவர் நம் பக்கத்தில் இருக்கிறார். மாந்துவா பகுதியில் காஸ்திலியோனே என்ற ஊரில் 1680-இல் பிறந்த பெஸ்கி, அதாவது நம் வீரமாமுனிவர். அங்கே கவிஞர்கள் பெம்போவின் சட்டத்துக்குள் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இவர் இங்கே வந்து 3,615 பாடலில் தேம்பாவணி பாடினார், பரமார்த்த குருவின் கதையை எளிய உரைநடையில் எழுதினார். இத்தாலிய இலக்கிய வரலாற்று நூல்களில் அவரைத் தேடாதீர்கள், அவர் எழுதியதில் நமக்கு முக்கியமானதெல்லாம் நம் வரலாற்றில் இருக்கிறது.

மான்ஸோனிக்காக ஒரு மாதம்

1800களுக்கு லெயோபார்தி வழியாக நுழையுங்கள். ரெகனாத்தி என்ற சிற்றூரில் அப்பாவின் பெரிய நூலகத்துக்குள் வளர்ந்து முதுகு வளைந்து உடம்பு கெட்டவர், 39 வயதை எட்டாமல் 1837-இல் இறந்தவர். 1819-இல் எழுதிய 'முடிவிலி' 15 வரிதான். ஒரு குன்று, பார்வையை மறைக்கும் ஒரு வேலி, அந்த வேலிக்கு அப்பால் மனம் போகிற போக்கு. மனப்பாடம் செய்யவேண்டிய முதல் இத்தாலியப் பாட்டு இதுவாக இருக்கட்டும். அப்புறம் 'சில்வியாவுக்கு'.

அப்புறம் மான்ஸோனி. இங்கேதான் நம் கேள்வி முழுசாகத் திரண்டு வந்து நிற்கிறது. மிலான்காரர், வீட்டில் மிலான் பேச்சும் பிரெஞ்சும். நிச்சயமான ஒரு ஜோடியின் கதையை, 'இ ப்ரொமெஸ்ஸி ஸ்போஸி' என்ற பெரிய நாவலை, 1827-இல் வெளியிட்டார், நல்ல பெயரும் கிடைத்தது. அதே வருடம் ஃப்ளோரன்ஸுக்குக் குடும்பத்தோடு போய், படித்தவர்கள் அங்கே உயிரோடு பேசுகிற மொழியைக் காது கொடுத்துக் கேட்டார். ஆர்னோ நதியில் துணியை அலசி எடுப்பது என்று இந்த வேலைக்குப் பெயர் வந்துவிட்டது. வெளியான நாவலை வரிவரியாகத் திருத்தி 1840 முதல் 1842 வரை பகுதி பகுதியாக மறுபடி வெளியிட்டார். நாடு உருவாவதற்கு இருபது வருடம் முன்னால் நாட்டுக்கு ஒரு உரைநடை தயாராகிவிட்டது. பிற்பாடு எல்லாப் பள்ளிக்கூடத்திலும் அதைப் படிக்க வைத்தார்கள், அதனாலேயே பல இத்தாலியர்களுக்கு அதன்மேல் ஒரு சலிப்பு உண்டு. நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

38 அத்தியாயம். 1628-இல் கோமோ ஏரிக்கரைக் கிராமம், ரென்ஸோ, லூச்சியா, கல்யாணத்தை நடத்தினால் கொல்வோம் என்ற மிரட்டலுக்குப் பயந்து நடுங்கும் பாதிரியார் தோன் அபொந்தியோ. முதல் அத்தியாயத்தின் தொடக்கத்தில் ஏரி வர்ணனை நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள், நாலு பக்கத்தில் அடியாட்கள் வந்துவிடுவார்கள். எட்டாவதில் லூச்சியா இரவில் படகில் இருந்து மலைகளுக்கு விடைசொல்கிறாள். 12, 13-இல் மிலானின் ரொட்டிக் கலவரம். 34-ஆவது அத்தியாயத்தில், பிளேக்கில் செத்த சின்ன மகளுக்குத் தலைவாரி வெள்ளை உடுப்புப் போட்டு வண்டிக்காரன் தொடவிடாமல் தானே வண்டியில் படுக்க வைக்கிற தாய் வருகிறாள், அந்த இரண்டு பக்கத்துக்காகவே நாவல் முழுவதையும் வாசிக்கலாம். தினம் ஒரு அத்தியாயம் என்று வைத்தால் ஐந்தரை வாரம்.

அதே நூற்றாண்டில் இன்னும் இரண்டு. கொல்லோதியின் பினோக்கியோ, 1881-இல் சிறுவர் பத்திரிகையில் தொடராக வந்தது. 15-ஆவது அத்தியாயத்தில் மரப்பொம்மை மரத்தில் தூக்கில் தொங்கிச் சாவதோடு முடித்துவிட்டார், அப்புறம்தான் தொடரச் சொல்லி எழுத வைத்தார்கள். சினிமாவில் பார்த்ததை மறந்துவிட்டு மூலக்கதையை வாசியுங்கள், அதில் பசி அவ்வளவு இருக்கிறது. அதே 1881-இல் வெர்காவின் 'இ மலவோல்யா', சிசிலி மீனவக் குடும்பம், கடனுக்கு வாங்கிய பருப்பு மூட்டைகளோடு கவிழ்கிற படகு. சொற்கள் இத்தாலியன், வாக்கியத்தின் நடை சிசிலி. தாத்தா வாயைத் திறந்தால் பழமொழி.

1900களில் எதை விடுவது

நிறைய இருக்கிறது, அதனால் துணிந்து விடவேண்டும். நோபல் வாங்கிய ஆறு பேரில் கர்தூச்சியை இப்போது விடலாம். சர்தீனியாவின் கிராத்ஸியா தெலெத்தா, சிசிலியின் பிராந்தெல்லோ இருவரையும் விடாதீர்கள். பிராந்தெல்லோவின் 'ஆசிரியரைத் தேடும் ஆறு பாத்திரங்கள்' 1921-இல் ரோமில் முதல்முறை மேடையேறியபோது பார்வையாளர்கள் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று கத்தினார்கள். உங்கேரெத்தி 1917-இல் போர்முனையில் எழுதிய 'காலை' இரண்டே வரி. ட்ரியெஸ்தே நகரத்து ஸ்வேவோவுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர் ஜேம்ஸ் ஜாய்ஸ், 1923-இல் வந்த ஸேனோ நாவலில் கடைசி சிகரெட் அத்தியாயம் மட்டுமாவது.

சிறுகதை வழியாகப் பழகுவது சுலபம் என்று தோன்றினால் ஜும்பா லாஹிரி தொகுத்த 2019 பெங்குவின் தொகுப்பில் 40 எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். வங்காளக் குடும்பத்தில் பிறந்து, வளர்ந்த பிறகு இத்தாலியன் கற்று, அதிலேயே எழுதத் தொடங்கியவர் அவர். தொகுப்பின் வரிசையைப் பற்றிக் கவலைப்படாமல் எங்கேயும் பிரிக்கலாம்.

போருக்குப் பிந்தைய நாவல்களுக்கு என் வரிசை இது: நத்தாலியா கின்ஸ்பர்க்கின் 'குடும்பச் சொற்கள்', 1963. வீட்டில் அப்பா கத்துகிற வார்த்தைகள், அம்மா திரும்பத் திரும்பச் சொல்கிற கதைகள் இவற்றை வைத்தே பாசிசக் காலம் முழுவதையும் சொல்லிவிடுகிறார். அப்புறம் லாம்பெதூஸாவின் 'சிறுத்தை', இரண்டு பெரிய பதிப்பகங்கள் திருப்பி அனுப்பி, ஆசிரியர் 1957-இல் இறந்து, அடுத்த வருடம் வெளிவந்து நாடு முழுக்க வாசிக்கப்பட்ட நாவல். அப்புறம் எல்ஸா மொராந்தேயின் 'வரலாறு', 1974. அதற்கிடையே ஓய்வுக்குக் கால்வினோவின் 'கண்ணுக்குத் தெரியாத நகரங்கள்', 55 நகரம், மார்கோ போலோ குப்ளாய் கானிடம் சொல்வதாக. முன்பு வாசித்த காயல் துறைமுகம் நினைவிருந்தால் இதன் சுவை கூடும். எகோவின் 'ரோஜாவின் பெயர்' 1327-இல் நடக்கிறது. பெட்ரார்க் லௌராவைப் பார்த்த அதே வருடம். அதில் சல்வத்தோரே என்ற துறவி லத்தீன், புரோவென்சால், இத்தாலியன் எல்லாவற்றையும் கலந்து எந்த மொழியிலும் சேராத ஒரு மொழி பேசுகிறான்.

கொஞ்சம் இத்தாலியன் கற்றுக்கொள்வதையும் தள்ளிப்போடாதீர்கள். அவர்களுக்கு ஒற்று மிகுந்தால் பொருளே மாறும், நோன்னோ தாத்தா, நோனோ ஒன்பதாவது. பல்லி, பலி என்று வேறுபடுத்திப் பழகிய வாய்க்கு இது ஒரு சிரமமே இல்லை, சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடிவதும் நமக்குச் சௌகரியம். மூன்று மாதத்தில் மொழிபெயர்ப்பின் துணையோடு லெயோபார்தியின் அந்த 15 வரியை மூலத்தில் சொல்ல முடியும்.

கடைசியாக எலேனா ஃபெரான்டே. நேப்பிள்ஸ் நான்கு நாவல்கள், 2011 முதல் 2014 வரை வந்தவை, ஆசிரியர் யார் என்று தன்னை வெளிக்காட்டிக்கொள்ளாதவர். ஆன் கோல்ட்ஸ்டைனின் ஆங்கில மொழிபெயர்ப்பு நன்றாக இருக்கிறது. முதல் பாகத்தை எடுக்கும்போது கையில் பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். வட்டாரப் பேச்சில் சொன்னாள், இத்தாலியனில் சொன்னான் என்று வருகிற இடத்தில் எல்லாம் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். பேச்சையே எழுதாமல் எந்த மொழியில் பேசினார்கள் என்று மட்டும் சொல்வது ஃபெரான்டேயின் வழக்கம். வீட்டுச் சண்டையும் கோபமும் எந்தப் பக்கம், டீச்சர் முன்னால் நிற்கும்போது எந்தப் பக்கம், படித்துவிட்டு ஊர் திரும்பிய கதைசொல்லி எலேனா அம்மாவிடம் எதில் பேசுகிறாள் என்று அந்தக் கோடுகளை மட்டும் பின்னால் புரட்டிப் பாருங்கள்.